சோளகம் முடியட்டும்

லண்டனின் தெற்கே மிச்சம் என்ற ஊரில், எங்கள் தெரு பெரிய வீதியில் ஏறும் இடத்தில் ஒரு ரவுண்டபவுட், வட்டச் சந்தி, இருக்கிறது. வலப்பக்கத்தால் வருகிறவனுக்கு வழி விட்டு, கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் புகுந்துவிட வேண்டியதுதான். ஊரெல்லாம் அப்படித்தான் போகும். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் போகமாட்டார். வலப்பக்கம் வெறுமையானதும் இடப்பக்கம் பார்ப்பார். இடப்பக்கமும் ஓய்ந்தால் எதிர்ப்பக்கம் பார்ப்பார். அதற்குள் வலப்பக்கத்தில் இன்னொரு பஸ் வந்துவிடும். நான்கு தெருவும் ஒரே நேரத்தில் அடங்கும் ஒரு கணத்துக்காக ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி காத்திருப்பார். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள்.

"அடிக்கட்டும். அது அவையின்ர அவசரம்," என்பார்.

இவ்வளவுக்கும் அவருடைய தொழில் கார் ஓட்டப் பழக்குவது. மிச்சத்திலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலும் இருந்த தமிழர்களுக்கு அவர் 'மாஸ்டர்'. குறிப்பாகப் பெண்கள் அவரிடம்தான் பழகப் போவார்கள். ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார், பிழைவிட்டால் முகம் சுளிக்கமாட்டார். குறை ஒன்றே ஒன்றுதான். டெஸ்டுக்குப் போகவிடமாட்டார். "இன்னும் கொஞ்சம் பழகுங்கோ, இப்ப காலம் சரியில்லை," என்று தள்ளிக்கொண்டே போவார். பனிக்காலத்தில் தெரு வழுக்கும் என்பார். வெயில் காலத்தில் சூரியன் கண்ணில் குத்தும் என்பார். இலையுதிர் காலத்தில் இலைகளே ஆபத்து.

ஒரு அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவருக்குத் தெரியாமல் தானே டெஸ்டுக்குப் பதிந்து, போய், பாஸ் பண்ணியும்விட்டார். பிறகு ஒரு பெட்டி கேக்கோடு வீட்டுக்கு வந்து சொன்னார். மாஸ்டர் உண்மையாகவே சந்தோசப்பட்டார். கேக்கை வெட்டி எல்லோருக்கும் தந்தார். அக்கா போனபிறகு ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தபடி சொன்னார்: "நல்ல நாளாப் பாத்துப் போட்டா. அண்டைக்கு மழை பெய்திருந்தால் தெரிஞ்சிருக்கும்."

நான் அவருடைய வீட்டில் மேலறையில் வாடகைக்கு இருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை. மனைவி கொழும்பில். அவளை லண்டனுக்குக் கூப்பிடுவதற்கான விசா அலுவலாகக் குரோய்டனுக்கும் மிச்சத்துக்கும் டிராமில் போய்வந்துகொண்டிருந்தேன். மாஸ்டருக்கு ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் நீண்ட காலம் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்து, பிறகு லண்டனுக்கு வந்தவர். தனியாள். அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன்.

குடிபோன முதல் நாளே குசினிச் சுவரில், அடுப்புக்கு எதிரே, ஒரு பெரிய நீலத் தாளைக் கண்டேன். முழுக்க நீலம், நடுவில் மேலிருந்து கீழாக வெள்ளைப் பொட்டுகள். சுவரில் ஏதோ பூஞ்சணம் பிடித்ததை மறைக்க ஒட்டியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"மாலைதீவு," என்றார் அவர். "இதில ஒரு தீவுக்கு, கடலுக்குள்ள சுழியோடப் போறன்."

"ஆரோட?"

"என்ர பிள்ளையோட."

அப்போதுதான் அவருக்கு ஒரு மகள் இருப்பதே தெரியவந்தது. ஜெர்மனியின் தெற்கே ஒரு ஊரில் தாயோடு இருந்தாள். அவருக்கும் தாய்க்கும் ஒத்துவராமல் பிரிந்தபோது அவளுக்கு எட்டு வயதாம். அதற்கு மேல் அந்தப் பிரிவைப்பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. ஆனால் அதற்கு முந்திய ஒரு நாளைப் பற்றி அடிக்கடி சொல்வார். பிள்ளை சின்னவளாக இருக்கும்போது மீன்காட்சிச் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு திருக்கை மீன் வந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு மெதுவாக மேலே போனது. பிள்ளை கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி கேட்டாளாம்: "அப்பா, இதுக்குள்ள நாங்களும் போகலாமோ?"

"போகலாம் எண்டு சொல்லிப்போட்டன். சொன்னால் செய்யவேணும்தானே?"

அதற்காகவே அவர் சுழியோடக் கற்றார். ஜெர்மனியில் அவர் வேலைசெய்த உணவகத்தில் கூட வேலைசெய்த ஒரு வெள்ளைக்காரர், ஊருக்கு வெளியே இருந்த ஒரு குளிர்ந்த ஏரியில் அவருக்குப் பழக்கியிருக்கிறார். ஏரிக்குள் சேற்றையும் பழைய சைக்கிள் ஒன்றையும் தவிர வேறொன்றையும் காணவில்லை என்று சிரிப்பார்.

வேறு எதைக் கேட்டாலும் இரண்டு சொல்லில் முடிப்பவர், கடலின் பருவத்தைப் பற்றிக் கேட்டால் நிறுத்தமாட்டார். தேத்தண்ணிக் கோப்பையோடு நீலத்தாளின் முன்னால் போய் நிற்பார்.

"இஞ்ச பார். மார்கழிக்குப் பிறகு வாடைக்காத்து. எங்கட பக்கத்தில மழையைக் கொட்டிப்போட்டு, வெறுங்கையோடதான் அது இந்தப் பக்கம் வரும். தை, மாசி, பங்குனி கண்ணாடி மாதிரித் தண்ணி. நிண்ட இடத்தில நிண்டுகொண்டு எவ்வளவு தூரமும் பாக்கலாம். சித்திரை போக காத்து மாறத் தொடங்கும். பிறகு சோளகம், தென்மேல் காத்து. மழை, அலை, தண்ணி கலங்கிப்போடும். அது ஐப்பசி மட்டும் நிக்கும். அதுக்குள்ள பிள்ளையைக் கொண்டுபோய் இறக்கேலாது."

"அப்ப மாசியில போகலாமே?"

"மாசியில பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்."

சிக்கல் அங்கேதான் இருந்தது. ஜெர்மனியில் நீண்ட விடுமுறை ஆவணி மாதத்தில் வரும். அப்போது மாலைதீவில் நடுச் சோளகம். கடல் தெளிந்து கிடக்கும் மாதங்களில் பிள்ளை வகுப்பில் இருப்பாள். நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விடுமுறைக்கு, தாய் விடமாட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வாசல் திறந்திருந்தது: ஈஸ்டர் விடுமுறை. அதுவும் ஒவ்வொரு வருடமும் முன்பின்னாக வரும். முந்தி வந்தால் நல்ல கடல். பிந்தி வந்தால் காற்று மாறும் காலம். அடுத்தடுத்த வருடங்களில் ஈஸ்டர் எப்போது வரும் என்பது அவருக்கு மனப்பாடம். எனக்குத் தெரிந்த மனிதர்களில், கோயிலுக்கும் போகாமல் தேவாலயத்துக்கும் போகாமல் ஈஸ்டரை அப்படி எதிர்பார்த்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மகளுக்குத் தொலைபேசி எடுப்பார். குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்து குசினி மேசையில் உட்காருவார். தொலைபேசிக்குக் கண் இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. கதை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அவளுக்குத் தமிழ் மெல்ல மெல்ல மறந்துகொண்டு வந்தது. அவருக்கு ஜெர்மன் மறந்துகொண்டு வந்தது. ஆகவே விளங்குவது நிச்சயமான கேள்விகளையே கேட்பார். சாப்பிட்டாயா. அங்கே பனியா. வருடத்துக்கு ஒருமுறை, தை மாதத்தில், கால் அளவு என்ன என்று கேட்பார். சுழியோடும்போது காலில் போடும் றப்பர் செட்டை வாங்குவதற்காக. அந்த வருடம் போகமுடியாமல் போகும். அடுத்த தையில் அவளுக்குக் கால் வளர்ந்திருக்கும். புது அளவில் இன்னொரு சோடி வாங்குவார். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரியில் விளக்குமாறு எடுக்கப் போனால், விலைச்சீட்டுக்கூடக் கழற்றாத செட்டைகள் சின்னதிலிருந்து பெரிசாக வரிசையில் நிற்கும். ஒரு பிள்ளை வளர்ந்ததை நான் அப்படித்தான் பார்த்தேன். அவரும் பெரும்பாலும் அப்படித்தான் பார்த்தார்.

சனிக்கிழமை காலைகளில் பக்கத்து ஊர் நீச்சல் தடாகத்தில் ஒரு சுழியோடிகள் சங்கம் கூடும். பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று அங்கே போவார். ஒருநாள் வீட்டுத் திறப்பை மறந்துவிட்டு நான் வெளியே போய், கதவைத் திறக்க வழியில்லாமல் அவரைத் தேடி அங்கே போகவேண்டி வந்தது. மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராகத் தடாகத்தின் விளிம்பில் கதைத்துக்கொண்டு நின்றார்கள். தனியே தண்ணீருக்குள் இறங்கக்கூடாது, எப்போதும் ஒரு துணை வேண்டும் என்பது அவர்களுடைய முதல் சட்டம். அன்று அவருக்குத் துணையாக விடப்பட்டிருந்தவர் பக்கத்தில் நின்றவரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஆழமான பக்கத்தில், அடித்தரையில், மாஸ்டர் கால்களை மடக்கிச் சப்பாணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அசைவே இல்லை. குமிழிகள் மட்டும் மேலே வந்து உடைந்தன. நான் குனிந்து கையை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. நன்றாக நேரம் போனபிறகு மேலே வந்தார்.

"என்ன அண்ணை செய்யிறியள் அங்க?"

"ஒண்டும் இல்லை. அங்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்," என்றார்.

பயிற்சி முடிந்து எல்லோரும் பப்புக்குப் போனார்கள். அவரையும் கூப்பிட்டார்கள்; நல்ல மனிதர்கள். அவர் கையசைத்துவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்தார்.

நான் அங்கே இருந்த காலத்தில் ஒரு ஈஸ்டர் எல்லா வகையிலும் பொருந்தி வந்தது. விடுமுறை முந்தி விழுந்தது. தாய் சம்மதித்தார். மகளும் ஓம் என்றாள். தீவில் அறை பதிவாகிவிட்டது. அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. சமைக்கும்போது மெல்லப் பாடினார்.

போவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது வேலையால் வந்தேன். அவர் கம்ப்யூட்டரின் முன்னால் இருந்தார். அந்தக் கால இணையத்தில் ஒரு படம் திறப்பதற்குள் ஒரு தேத்தண்ணி போட்டுவிடலாம். திரையில் இந்து சமுத்திரத்தின் மேல் முகில்கள் ஒவ்வொரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தன.

"இதைப் பார். தெற்கில முகில் திரளுது. இந்த வருசம் காத்து வேளைக்கே மாறப்போகுது போல."

எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. "அண்ணை, அது எங்கயோ கிடக்கிற ஒரு துண்டு முகில்," என்றேன்.

"இல்லை. கலங்கின தண்ணியைக் காட்டவோ பிள்ளையை இவ்வளவு தூரம் கூப்பிடுறது? முதல்தரம் நல்லாய் இருக்கவேணும். முதல்தரம் பிழைச்சால் பிறகு வரமாட்டாள்."

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் தொலைபேசியை எடுத்தார். நீண்ட நேரம் தடுமாறித் தடுமாறிக் கதைத்தார். கடைசியில் "நெக்ஸ்தஸ் யார், நெக்ஸ்தஸ் யார்," என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்தார். அடுத்த வருடம் என்று அதற்கு அர்த்தம். வருடா வருடம் கேட்டு அந்த ஒரு ஜெர்மன் சொல் எனக்கும் பாடமாகியிருந்தது.

பிறகு அந்த வாரம் முழுவதும் மாலைதீவின் காலநிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானாக ஒருநாள் திரையை எட்டிப் பார்த்தேன். வெயில்.

அதற்கடுத்த வருடம் மகளுக்குக் காதுக்குள் புண். காதில் நோவோடு தண்ணீருக்குள் இறங்கக்கூடாது. அது உண்மையான காரணம்தான். அந்தத் தரம் அவர் அவ்வளவு கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது.

அந்த வருடம்தான் என் மனைவி வந்து சேர்ந்தாள். வீட்டில் ஒரு பெண்குரல் கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது. அவள் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "பிள்ளை, உப்பு, புளி எல்லாம் அளவு," என்று ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார். அவளுக்கும் அவர்மேல் அன்பும் வாரப்பாடும். ஆனால் அவள் மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறவள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவர் அடுத்த ஈஸ்டரின் காற்றைப் பற்றி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது கேட்டாள்:

"அண்ணை, இஞ்சயிருந்து ஜெர்மனிக்குப் பிளேன் ஒரு ஒண்டரை மணித்தியாலம்தானே?"

"ஓம்."

"அப்ப ஒருக்காப் போய்ப் பிள்ளையைப் பாத்திட்டு வரலாமே? கடல் பிறகு பாக்கலாம்."

அவர் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசைக்குக் கீழே மனைவியின் காலை மிதித்தேன்.

"அங்க இப்ப சரியான குளிர்," என்றார்.

அது ஆடி மாதம்.

அந்த வருடக் கடைசியில் சுனாமி வந்தது. நாங்கள் மூன்று பேரும் தொலைக்காட்சியின் முன்னால் இருந்தோம். எங்கள் நாட்டுக் கரைகளைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மனைவி அழுதுகொண்டே உறவுகளுக்கு எல்லாம் தொலைபேசி எடுத்தாள். மாஸ்டரும் எடுத்தார், அவருடைய ஆட்கள் கரையில் இல்லை, தப்பிவிட்டார்கள். பிறகு மாலைதீவையும் காட்டினார்கள். அவர் எழும்பிப் போய் நீலத்தாளின் முன்னால் நின்றார்.

இரண்டு நாள் கழித்து மகளின் தாய் தொலைபேசி எடுத்தார். நான் இருந்த காலத்தில் அவர் எடுத்தது அந்த ஒருமுறைதான். இனி அந்தக் கடல் பக்கம் பிள்ளையை அனுப்புகிற கதையே இல்லை என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "காத்துக்குப் பருவம் இருக்கு. மழைக்கு இருக்கு. இதுக்கு ஒரு பருவமும் இல்லை. இதை எப்பிடிப் பாத்து ஒழுங்குபடுத்துறது?"

உண்மையிலேயே பதில் தெரியாமல்தான் என்னைக் கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பயணத்தைப் பற்றிய கதையே வரவில்லை. முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்த பிறகு அவளாகவே எடுத்தாள். அவள் எடுத்தது அதுதான் முதல்தரம். தொலைபேசியை நான்தான் தூக்கினேன். "இஸ்ற் பப்பா டா?" அப்பா இருக்கிறாரா என்று ஒரு மெல்லிய குரல். ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டேன். கதைத்துவிட்டு வந்து சுவரோடு சாய்ந்து நின்றார்.

"ஆவணியில வாறாளாம். தாயிட்டைக் கேக்கத் தேவையில்லையாம் இனி. அங்கயே தடாகத்தில சுழியோடப் பழகி, சுழியோடிகளுக்குத் தாற அட்டையும் எடுத்திட்டாளாம்."

"அண்ணை, நல்ல செய்திதானே!"

"ஆவணியில சோளகம்."

"அப்ப என்ன சொன்னனியள்?"

"சோளகம் முடியட்டும், மாசியில பாப்பம் எண்டன். மாசியில அவள் யுனிவர்சிட்டியில நிப்பாளாம். இப்ப வராட்டில் இனிச் சரிவராதாம்."

மனைவி அடுப்படியில் நின்றவள் திரும்பி, அகப்பையோடு வந்து அவருக்கு முன்னால் நின்றாள். "அண்ணை, மழை பெய்தால் நனையுங்கோ. போட்டு வாங்கோ."

போனார். வாழ்க்கையில் முதல்தரமாக, அவருடைய கணக்கின்படி முற்றிலும் பிழையான ஒரு காலத்தில் ஒரு காரியத்தைச் செய்தார்.

திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பயணப்பையை வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அடுத்த சில நாட்களில் துண்டு துண்டாகச் சொன்னார். சொன்னதை அடுக்கிப் பார்த்தால் இப்படி வரும்.

மழைதான். பாதி நாட்கள் சுழியோடிகளை ஏற்றும் வள்ளம் கடலுக்குப் போகவில்லை. அறையின் முன்னால் இரண்டு கதிரைகளைப் போட்டுக்கொண்டு இருவரும் மழையைப் பார்த்தார்கள். அவளுக்குத் தமிழ் வராது, அவருக்கு ஜெர்மன் வராது. "அவளின்ர பள்ளிக்கூட இங்கிலீசும் என்ர மிச்சம் இங்கிலீசும். சாப்பாடு, படிப்பு எல்லாம் கதைச்சு முதல் நாளே முடிஞ்சுபோச்சு."

ஆனால் வள்ளம் போன நாட்களில் தண்ணீருக்குள் இறங்கினார்கள். அங்கே பாஷை தேவையில்லை. சுழியோடிகளுக்குக் கைச்சைகைதான். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாக்கினால் நலம். சுட்டு விரலால் கண்ணைக் காட்டிப் பிறகு ஒரு திசையைக் காட்டினால், அங்கே பார். "மேல வந்தால் ஊமை. கீழ போனால் கதைச்சுக் கொண்டே இருந்தம்," என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய கைகள் தாமாகவே அந்தச் சைகைகளைச் செய்தன. கலங்கிய தண்ணீருக்குத்தான் கொம்புத் திருக்கை வருமாம், வள்ளக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் ஒரு கூரை கழன்று வந்ததுபோல ஒன்று அவர்களுடைய தலைக்கு மேலால் போயிருக்கிறது. அவர் மகளின் தோளைத் தொட்டு மேலே காட்டினார். அவள் பார்த்துவிட்டு நலம் என்று விரலை வட்டமாக்கிக் காட்டினாள். மற்றக் கையால் அவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சந்தோசத்தில் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடைசி நாள் பின்னேரம் அந்தக் கதிரைகளில் இருந்தபடி அவர் மீன்காட்சிச் சாலையை ஞாபகப்படுத்தினார். அவளுக்கு அது ஞாபகம் இல்லை. அப்படி ஒரு இடத்துக்குப் போனதே ஞாபகம் இல்லை. பிறகு அவள் சொன்னாளாம், தனக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்று. தடாகத்தில் பழகப் போன ஒவ்வொரு நாளும் விளிம்பைப் பிடித்தபடிதான் இறங்குவாளாம். இங்கேயும் ஒவ்வொரு முறை வள்ளத்திலிருந்து விழும்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுந்தாளாம்.

"அப்ப ஏன் பிள்ளை வந்தனி எண்டு கேட்டன்."

"என்ன சொன்னவள்?"

அவர் குசினி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். தோட்டத்தில் மனைவி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வருசா வருசம் நீங்கள் என்னட்டைக் கேட்டது இது ஒண்டைத்தானே எண்டாள். வேற ஒண்டுமே கேக்கேல்லையே எண்டாள். கோவமாச் சொல்லேல்லை. சாதாரணமாத்தான் சொன்னவள்." கழுவி வைத்திருந்த கோப்பை ஒன்றை எடுத்துத் திரும்பவும் கழுவினார். "பிறந்தநாளுக்கு வாறியளோ எண்டு தான் ஒவ்வொரு முறையும் கேக்க நினைக்கிறதாம். தன்ர பிறந்தநாள் கார்த்திகையில. அங்க அப்ப குளிர், அப்பாவுக்குப் பிடிக்காது எண்டு விட்டிடுறதாம்."

அந்த நாளுக்குப் பிறகு அவர் வீட்டுக்குள் நடமாடும் சத்தம்கூடக் குறைந்துவிட்டது. பாடம் எடுக்கப் போவார், வருவார். சாப்பாட்டில் குறை, நிறை சொல்வதும் நின்றது. மனைவி பயந்துபோனாள். "ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ," என்று என்னைத் தள்ளுவாள். நான் போய்க் கதவில் நின்று, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வருவேன். எங்கள் இருவருக்கும் அதற்குமேல் கதைத்துப் பழக்கம் இல்லை.

கார்த்திகை வந்தது, போனது. அவர் போகவில்லை. இவ்வளவும் கேட்ட பிறகும் போகவில்லையே என்று மனைவிக்கு ஆத்திரம். அவர் அறையிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியும் எடுக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு மாடிப்படியடியில் நின்றார். சின்னப் பை ஒன்று.

"என்ர காரில கொண்டுபோய் எயார்போட்டில இறக்கிவிடுவியோ?"

தொலைக்காட்சியில் ஐரோப்பா முழுக்கப் புயல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மரங்கள் விழுந்து ரயில்கள் நின்றுவிட்டன. வெளியே குப்பைத்தொட்டிகள் தெருவில் உருண்டுகொண்டிருந்தன. இம்முறை மனைவியே தடுத்தாள்: "அண்ணை, இண்டைக்கு வேண்டாம். பிளேன் எழும்பாது. ஒரு கிழமை பொறுத்துப் போங்கோ."

"இல்லைப் பிள்ளை. பொறுத்தால் நான் போகமாட்டன்," என்றார். "என்னை எனக்குத் தெரியும்."

அன்று விமானம் எழும்பவில்லை. எயார்போட்டிலேயே கிடந்து, மறுநாள் வேறு ஊர் போய், அங்கிருந்து ரயில் பிடித்து, அவள் படிக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். சொல்லாமல் போனபடியால் அவள் வீட்டில் இல்லை. மாடிப்படியில் இருந்தாராம். பின்னேரம் அவள் வந்து, படியில் யாரோ இருப்பதைக் கண்டு முதலில் பயந்து, பிறகு பையைக் கீழே போட்டுவிட்டு நின்றாளாம்.

"பிறகு?" என்றாள் மனைவி.

"பிறகென்ன. சூப் வைச்சுத் தந்தாள். உப்பே இல்லை."

"சொன்னனியளோ?"

"சீ. குடிச்சனான். அவளுக்குச் சோதினை, படிச்சுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில இருந்தனான். இடையில நிமிர்ந்து பாப்பாள். நான் இருக்கிறனோ எண்டு பாக்கிறாள் போல. திரும்பப் படிப்பாள்."

அதற்குப் பிறகு அடிக்கடி போனார். மழை, பனி என்று பார்க்கவில்லை. அடுத்த வருடம் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். அவளுடைய ஊரிலேயே ஒரு அறை பார்த்துவிட்டாராம். கேக், பாண் சுடும் ஒரு வெதுப்பகத்தில் இரவு வேலையும் கிடைத்துவிட்டதாம். நாங்கள் லண்டனின் மறுபக்கத்தில் கிங்ஸ்பரிக்கு மாறினோம். அவர் போகும் நாளில் மனைவி அழுதாள். அவர் என்ன சொல்வதென்று தெரியாமல், "பிள்ளை, கதவைச் சாத்து, குளிர் வருது," என்றார்.

அவர் போய்க் கொஞ்சக் காலத்தில் மகள் படிப்பை முடித்தாள். நல்ல வேலை கிடைத்தது, ஆனால் நாட்டின் மற்ற அந்தத்தில், ஹம்பர்க்கில். அவள் போய்விட்டாள். இவர் அந்த ஊரில், ஒருவரையும் தெரியாத தெருவில், அறையோடு நின்றுவிட்டார்.

எங்களுக்கு மகன் பிறந்த செய்தியைச் சொல்ல அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். சந்தோசப்பட்டார். மனைவியின் சுகத்தைக் கேட்டார். மிச்சத்தில் இப்போது யார் கார் பழக்குகிறார்கள் என்று கேட்டார்.

"அண்ணை, பேசாமல் லண்டனுக்கே வாங்கோவன். அங்க தனியக் கிடந்து என்ன செய்யிறியள்? அல்லது ஹம்பர்க்குக்கு எண்டாலும் போங்கோ."

"அவளுக்குப் பின்னால பின்னால திரிஞ்சால் சரியில்லைத்தானே. அவளுக்கு ஒரு சீவியம் இருக்கு. இஞ்ச அவளுக்குச் சிநேகிதங்கள் இருக்கினம், வந்தால் என்னட்டையும் வருவாள்."

"கடைசியா எப்ப வந்தவள்?"

"போன மாசம். இல்லையில்லை, அதுக்கு முந்தின மாசம்."

"இனி எப்ப வாறாளாம்?"

"தெரியாது." அந்தச் சொல்லை அவருடைய வாயால் நான் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன். குரலில் ஒரு சந்தோசமும் இருந்தது. "சொல்லிப்போட்டு வரமாட்டாள். நானும் கேக்கிறேல்லை. திடீரெண்டு வந்து பெல் அடிப்பாள். அண்டைக்கும் இப்பிடித்தான், நான் இடுப்பில சறத்தோட நிக்கிறன்…"

அப்போது அந்தப் பக்கம் மணி அடித்தது. எனக்கே தெளிவாகக் கேட்டது.

"பொறு, பொறு, வைச்சிடாதை," என்றார். தொலைபேசியை மேசையில் போட்ட சத்தம். ஒரு கதிரை விழுந்தது. வெறுங்கால்கள் தரையில் ஓடின. பூட்டு இரண்டு தரம் சுழன்றது. ஒரு ஆணின் குரல், ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னது. இவர் ஓம் ஓம் என்பதுபோல் அந்த மொழியில் சொன்னார். கதவு சாத்தப்பட்டது. கால்கள் மெதுவாகத் திரும்பி வந்தன.

"பார்சல்," என்றார். "மேல்மாடி மனிசிக்கு வந்தது. அவ வேலைக்குப் போட்டா. நான் பகலில எப்பவும் வீட்டில நிக்கிறனான் எண்டு தபால்காரனுக்குத் தெரியும், அதுதான் என்னட்டைத் தந்திட்டுப் போறான்."

அவருக்கு மூச்சு வாங்கியது. விழுந்த கதிரையை அவர் நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.